பாலம், படகு, யானைக் குளியல்

ஜூலை 8, செவ்வாய்.

பாங்காக்கில் இருக்கும் மகன் குமார், நான் அங்கே போனதும் செல்லவிருக்கும் பயணத்தின் திட்டத்தை இன்று போனில் வாசித்தான். கேட்கக் கேட்க அருவருப்பாக இருந்தது.

"ஆடி அமாவாசை அன்னைக்குக் காலைல ஏழு மணிக்குக் கிளம்புதோம்மா. பத்து மணிக்கு காஞ்சனபுரி பாலம், போட்டோ. மதியம் மிதக்குற ஓட்டல்ல சாப்பாடு, உனக்கு சைவம் சொல்லியாச்சு. அப்புறம் யானைக் குளியல். ராத்திரி வீடு."

அந்தப் பாலத்தின் மேல் போகும் ரயில் பாதையைப் போடத்தான் உலகப் போரின்போது ஜப்பான்காரர்கள் மலேயாவிலிருந்து என் அப்பாவைப் பிடித்துப் போனார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அவர் திரும்பவில்லை. இறந்த திதி தெரியாததால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் குமார்தான் எள்ளும் தண்ணீரும் விடுகிறான்.

"ஏலே, உங்க தாத்தாவுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்க?" என்றேன்.

"பாலத்துக்குக் கீழயே தண்ணி விட்டுருதேன்."

"நம்ம ஆட்களப் புதைச்ச இடம் அங்கன இருக்காம்லா?"

"அது கூலிங்களப் புதைச்ச இடம்மா. தாத்தா கிளார்க்குல்லா? அவர அங்கன போய் எதுக்குத் தேடணும்?"

போனை வைத்துவிட்டேன்.

கிளார்க் என்று சொன்னவள் நான்தான். கன்வென்ட்டில் படிக்கும்போது, அப்பாவுக்கு என்ன வேலை என்று சிஸ்டர் கேட்டதும் கூசிப்போய்ச் சொன்னது. கணவர் கண் மூடும்வரை அவரிடமும் அதையே சொன்னேன், மகனிடமும். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கூலிதான். பெற்ற தகப்பனை மறைத்த வாய் இது. யானைக் குளியலைவிட இதுதான் அதிகம் குமட்டுகிறது.

காலையில் பல் விளக்குவதற்கு முன்பே குமாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். காபி குடித்துவிட்டால் எனக்குப் பழைய கௌரவம் வந்துவிடும்.