நான்கு மீட்டர் கெட்டிப் பனி

ஜிலின்
புதன்கிழமை, மாலை ஐந்து மணி

அன்புள்ள சுயன்,

யாச்சினின் இடது முழங்காலில் தசைநார் எதுவும் அறுபடவில்லை. இன்று மதியம் 2.40க்கு இங்குள்ள எலும்பு மருத்துவர் காவ், ஸ்கேன் படத்தை விளக்கின் முன் பிடித்துக்காட்டி, என்னிடமும் பயிற்சியாளரிடமும் சொன்னது இது. வீக்கம் இருக்கிறது. உள்ளே கொஞ்சம் இரத்தம் கட்டியிருக்கிறது. நம் மகள் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

போட்டி வாரத்தில் எங்கள் அழைப்பை நீ எடுப்பதில்லை. குரல் கேட்டால் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவேன், எழுதினால் நம்புவேன் என்பாய். எனவே எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

காலையில் நாங்கள் பன்னிரண்டு பேரும் வழக்கம்போல, பனிச்சறுக்கில் கரணம் அடிப்பவர்கள் வந்து விழும் இறங்குசரிவைக் கொத்தி, கால் புதையும் அளவுக்கு மிருதுவாக்கினோம். வெள்ளையில் தரை தெரிவதற்காகப் பைன் இலைகளைத் தூவினோம். அவர்களைக் காற்றில் எறியும் பெரிய மேட்டிலிருந்து ஆண்கள் மூன்று கரணம் அடித்து இறங்கினார்கள். அவர்கள் விழுந்த குழிகளைப் பார்த்து, அந்தப் பட்டையை மட்டும் மறுபடி கொத்தச் சொன்னேன். பெண்களுக்கான சின்ன மேட்டின் கீழே ஏற்கெனவே கொத்தியாயிற்று.

எங்கள் பன்னிரண்டு பேரில் மூத்தவரான பாய் மட்டும் நகரவில்லை. “தலைவரே, மேல நாலு மீட்டர் சேத்துக் கொத்திரலாமா? வெயில் போனா இறுகிடும்” என்றார்.

“விடுங்க பெரியவரே, அங்க எவன் வந்து இறங்கப் போறான்?” என்றேன்.

பெண்களில் ஒருத்தி மட்டும் இந்த முறை பெரிய மேட்டிலிருந்து குதிக்கிறாள் என்பதும், அவள் என் மகள் என்பதும் அந்த நிமிடம் என் நினைவில் இல்லை. அவள் எடை குறைவு. எதிர்க்காற்று அடித்தால் ஆண்களின் தூரம் வராது. இருபது வருடமாகக் கொத்துகிறேன். இது எனக்குத் தெரியாததல்ல.

11.15க்குக் குதித்தாள். மூன்றாவது கரணத்திலேயே தூரம் போதாது என்று தெரிந்துவிட்டது. கொத்தாமல் விட்ட அந்த நான்கு மீட்டரில் வந்து விழுந்தாள். பலகையில் ஆணி அறைந்த மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை உன் கடைசிக் குதிப்பில் கேட்டிருக்கிறேன். ஒரு பனிச்சறுக்குப் பலகை கழன்று ஓடியது. வேலியோரம் வரை சறுக்கிப் போய் உட்கார்ந்தாள்.

நான் விழுந்தடித்து இறங்கிப் போனேன். “ஏம்ப்பா, எனக்கு மட்டும் சிமென்ட் பூசி வச்சிருந்தீங்களா?” என்றாள். பிறகு, “அழாதீங்க, மீசையெல்லாம் ஐஸா தொங்குது. டிவிக்காரன் வேற பாக்குறான்” என்றாள்.

பாய் மருத்துவமனைக்கு ஒரு பை நிறைய உறைந்த பேரிக்காய் கொண்டுவந்தார். அரை மணி நேரம் முழங்காலில் வைத்திருந்தாள். இளகியதும் இரண்டைத் தின்றுவிட்டாள். “வீக்கத்துக்கும் ஆச்சு, பசிக்கும் ஆச்சு” என்றாள். சாப்பிடுகிறாள் என்பதை இத்துடன் உறுதி செய்கிறேன். காலையில் நான் என்ன சொன்னேன் என்பதைப் பாய் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒரு சிகரெட் மட்டும் நீட்டினார்.

மூன்றரைக்கு நடுவர் குழுவிடம் நானே எழுதிக் கொடுத்தேன்: அந்த நான்கு மீட்டரை விட்டது என் முடிவு. என் பொறுப்பைப் பாயிடம் கொடுக்கும்படியும் கேட்டேன். யாரை வைத்துக்கொள்வது என்று விளையாட்டு வீரர்களைக் கேட்டிருக்கிறார்கள். யாச்சின், “எங்கப்பாவே கொத்தட்டும். இன்னிக்குப் பயந்த பயத்துக்கு இனி மலை முழுக்கக் கொத்திருவாரு” என்றாளாம். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இனி முடிவாக வேண்டியது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டாக்டர் காவ் முழங்காலை மறுபடி பார்க்கிறார். அவர் சரி என்றால், ஞாயிறு காலை பதினொன்றுக்கு ஆண்களும் பெண்களும் சேர்ந்த அணிப் போட்டியில் அவள் குதிக்கலாம். அவர் விட்டாலும், அம்மா வேண்டாம் என்றால் நின்றுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை.

இன்றே கூரியரில் போடுகிறேன், வெள்ளி காலை சான்யாவில் உன் கைக்கு வந்துவிடும். நான்கு மணிக்குள் அவளுக்குக் குறுஞ்செய்தியாக எழுது. குதி என்றாலும் சரி, நில் என்றாலும் சரி. என் மேல் உள்ள கோபத்தை மட்டும் அதில் கலந்துவிடாதே, சுயன். அதைத் தனியாக எனக்கு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
தோங் ஷோவென்