போர்வையில் இல்லாத துணி

அக்காவுக்கு,

அம்மா போன பிறகு அவள் தையல் அலமாரியை இன்றுதான் திறந்தேன். "எல்லாத்தையும் மூட்டை கட்டித் தூக்கிப் போடுடி" என்று நீ போனில் சொல்லிவிட்டாய். சொல்வது சுலபம். விரல் நீள எலாஸ்டிக்கைக்கூடச் சுருட்டி வைத்திருக்கிறாள். பழைய பேன்ட்டுகளிலிருந்து பிரித்தெடுத்த ஜிப்புகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. ஒன்றாவது ஒழுங்காக ஏற வேண்டுமே!

அடித்தட்டில் அந்த ஒட்டுத்துணிப் போர்வை, பாதி தைத்தபடி கிடந்தது. இறந்துபோன அப்பாவின் கோடுபோட்ட சட்டை, கல்யாணமாகிப் போன உன் கல்லூரிச் சுடிதார், எங்கேயோ இருக்கும் அண்ணனின் பள்ளிச் சீருடை, எல்லாம் சதுரம் சதுரமாக இருந்தன. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். என் துணி ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்ததே கோபம்! கடைசிவரை கூட இருந்தவள் நான்.

கீழ்வீட்டு அத்தையிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார்.

"அடி பைத்தியமே, வீட்டை விட்டுப் போனவங்க துணியைத்தான் உங்கம்மா வெட்டுவா. நீதான் முழுசா கூடவே இருந்தியே, உன்னுதை எதுக்கு வெட்டணும்?"

அம்மாவின் பச்சை நைட்டியிலிருந்து ஒரு சதுரம் வெட்டி நானே தைத்துச் சேர்த்தேன். தையல் கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. திட்டுவதற்குத்தான் ஆளில்லை.

எனக்கு வேலை மாற்றலாகிவிட்டது. திங்கட்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். என் நீலச் சுடிதாரை விரித்துக் கத்தரியைக் கையில் எடுத்தேன். போகிறவளே தன் துணியை வெட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

போர்வையைப் பார்சலில் அனுப்புகிறேன். சுடிதாரும் உள்ளேதான் இருக்கிறது, முழுசாக.

நீ வெட்டு, அக்கா.

உன் தங்கை