மீன் பொரிக்காத அடுப்பு

லாத்தா,

ஐசலின், பேர்லேண்ட் இரண்டில் மனிதர் குடியிருக்கத் தகுந்த ஊர் எது? இன்று மதியம் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு உங்கள் கணவர், அண்ணன், என்னைக் கேட்டார். "நீ ரெண்டையும் பாத்தவ, நீயே சொல்லும்மா." எனக்குத் தெரியாது. அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். நியூ ஜெர்சி ஐசலினில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, டெக்ஸாஸ் பேர்லேண்டுக்கு நாலைந்து தடவை விருந்தாளியாக வந்து போனவள் எந்த உரிமையில் தீர்ப்புச் சொல்வது?

ஓட்டல் அறைக்குத் திரும்பித் துப்பட்டாவை மடித்தபோது அதிலிருந்து வெனிலா வாசனை எழுந்தது. வீடு பார்க்க யார் வந்தாலும் இருக்கட்டும் என்று அண்ணன் ஒவ்வொரு அறையிலும் ஒரு வாசனைக் குப்பியைப் பிளக்கில் செருகி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் வெனிலா! துப்பட்டாவைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகப் போகிறது. அண்ணன் வீட்டை விற்றுவிட்டுக் கலிபோர்னியாவில், மில்பிடாஸில் மகனோடு இருக்கப் போகிறார். என் கணவருடைய அலுவலகம் பேர்லேண்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஹூஸ்டனுக்கு மாறுகிறது. இந்த இரண்டு செய்தியும் ஒன்றையொன்று சந்தித்ததும், உங்கள் வீட்டை நாங்கள் வாங்கிக்கொள்வதென்று ஆண்கள் இருவரும் போனிலேயே முக்கால்வாசி முடித்துவிட்டார்கள். அண்ணன் எங்களுக்காக வீட்டைத் தரகரிடம் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார். நாளைக் காலையில் பதில் சொல்ல வேண்டும்.

ஐசலினில் நம் வீடுகள் எதிரெதிர். "எங்க ஊர்ல அக்காவ லாத்தாம்போம். நீயும் அப்படியே கூப்பிடு, வாய் தேஞ்சிறாது" என்று குடிவந்த முதல் வாரமே சொன்னீர்கள். அந்தக் கட்டடத்தை இன்றைக்கு அழகாக்கிச் சொல்ல மாட்டேன். குளியலறைக் கூரையில் பூஞ்சை. குளிர்காலத்தில் ஹீட்டர் குழாய்க்குள் யாரோ சுத்தியலோடு உட்கார்ந்திருப்பது போல ஓசை. ஓக் ட்ரீ ரோட்டில் கறுத்துப்போன பனிக்குவியல், அதில் குத்தி வைத்த டீக் கப்புகள், ஒரு பார்க்கிங் இடத்துக்காக ஒருவர் தாயை ஒருவர் திட்டிக்கொள்ளும் நம் ஜனங்கள். அதற்கு நடுவில்தான் நீங்கள் நடந்தே போய் மீன் வாங்கி வருவீர்கள். போகும் வழியில் நாலு கடையில் பேச்சு, திரும்பும் வழியில் நாலு கடையில் சண்டை.

நீங்கள் சீலா மீன் பொரித்தால் மூன்று மாடிக்கும் தெரியும். முட்டைகூடத் தொடாத மேல்வீட்டுக் குஜராத்தி ஆன்ட்டி படியிறங்கி வந்து நடைவழி முழுக்க ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போவார்.

"பாத்தியா, ஆரம்பிச்சிட்டா" என்பீர்கள். "அந்த ரெண்டு துண்டையும் எடு. அவளா நானான்னு பாத்துருவோம்."

உங்கள் இருவருக்கும் கடைசிவரை சமாதானம் ஏற்படவில்லை. ஊருக்குப் போகும்போது மட்டும் அவர் வீட்டுச் சாவியை உங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பிறகு நீங்கள் பேர்லேண்ட் போனீர்கள். பேர்லேண்டிலும் நான் பொய்க் குற்றம் கண்டுபிடிக்க மாட்டேன். அகலமான தெரு. மகனுக்குத் தனி அறை. கை அசைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். விருந்துகளில் பேப்பர் தட்டைப் பிடித்துக்கொண்டு நம்மவர்கள் இரண்டு ஊரையும் ஒப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருக்கிறது. "நியூ ஜெர்சில குடுக்குற பிராபர்டி டாக்ஸுக்கு இங்க ஒரு கார் வாங்கலாம் சார்." "ஸ்கூல் ரேட்டிங் பாத்தீங்களா?" "பெரிய கோயில் பத்து நிமிஷம்." எவ்வளவோ அளக்கிறார்கள். அந்த வீட்டில் இருக்கப்போகிற பெண் செவ்வாய்க்கிழமை மதியம் என்ன செய்வாள் என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

முதல் தடவை நான் வந்தபோது நீங்கள் சமையலறையில் இல்லை. "லாத்தா, எங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டேன். குரல் கராஜிலிருந்து வந்தது. ஆகஸ்ட் மாதம். மடக்கு மேஜை, அதன்மேல் இரண்டு பர்னர் அடுப்பு, கீழே சிலிண்டர். புகை போக ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தீர்கள். அந்த இடைவெளி வழியாகக் கொசு வந்துகொண்டிருந்தது. முக்காடு நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"என்ன லாத்தா இது?"

"உள்ள மீன் பொரிச்சா வாடை கார்பெட்டுல இறங்கிருமாம். நாளைக்கு விக்கும்போது நம்மாளுங்களே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிருவாங்களாம். அண்ணனோட கூட்டாளிங்க சொல்லிக் குடுத்திருக்காங்க."

"இப்பதானே வாங்கினீங்க?"

"அதான். வாங்கும்போதே விக்கிறத யோசிக்கணுமாம்."

கார் வெளியே வெயிலில் நிற்கிறதே, பெயின்ட் போய்விடுமே என்று அண்ணன் அன்று முழுக்க வருத்தப்பட்டார். நீங்கள் கரண்டியை என் பக்கம் நீட்டி, "கேட்டியா? இது காரோட வீடு. நான் ஒண்டிக்குடித்தனம்" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கராஜைவிட்டு உள்ளே வந்தபோது அந்தச் சமையலறையில் ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது, யாருக்காகவோ.

இன்று அதே சமையலறையில் நின்றோம். என் கணவர் அடுப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "புதுசு மாதிரியே இருக்கேண்ணே."

"புதுசுதான் தம்பி" என்றார் அண்ணன். "எட்டு வருஷத்துல ஒரு மீன் இதுல பொரிச்சதில்ல. ஒரு வாடை வராது. அவ அப்படிப் பாத்துக்கிட்டா."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு வந்திருப்பேன். உங்களைப் புகழ்வதாக மனதார நம்பித்தான் சொன்னார். என் கணவர் "சூப்பர்" என்றார். பெயர் தெரியாத ஒரு குடும்பத்துக்காக நீங்கள் எட்டு வருடம் கராஜில் வெந்திருக்கிறீர்கள், அந்தக் குடும்பம் நாங்கள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் வியர்வையை யாரோ தட்டில் வைத்து என்னிடம் நீட்டியது போல அருவருப்பாக இருந்தது. பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அங்கேயும் வெனிலா.

திரும்பும்போது காரில் என் கணவர் கேட்டார். "என்ன, ஒண்ணுமே சொல்லல?"

"என் லேப் வேலை?"

"ஹூஸ்டன்ல இல்லாத லேபா? கொஞ்சம் ப்ராக்டிக்கலா யோசி. தெரிஞ்ச வீடு, க்ளீன் வீடு."

"அவங்க உள்ள சமைக்கவே இல்ல, தெரியுமா?"

"அதான் சொல்றேன், க்ளீன்னு."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. என்னோடு இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவர்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், சம்பளம் இருக்கிறது, மீன் நான் சாப்பிடுவதே இல்லை. உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்கும் என்று சொன்னால் அது நாடகம். இந்த ஊரில் நான் சௌகரியமாகவே இருந்துவிடக்கூடும். அதுதான் பயம். ஒரு தடவை போனில், "இது நல்ல ஊருதாம்மா, குறையே இல்ல. எனக்குத்தான் இங்க ஒரு வேலையும் இல்ல" என்றீர்கள். அதைச் சொன்ன உங்கள் குரலில் புகாரே இருக்கவில்லை. உங்களிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது அந்தக் குரல்தான். நான் எதற்காவது சரி, சரி என்று தலையாட்டும்போதெல்லாம் அது காதில் கேட்கிறது.

அன்று இரவு இத்தோடு நிறுத்திவிட்டேன்; மறுநாள் நடந்ததையும் இப்போது எழுதிவிடுகிறேன். காலையில் போனோம். அண்ணன் டீ கொடுத்தார். என் கணவர் விலையைப் பற்றித் தொண்டையைச் செருமினார். நான் "அண்ணே, நாங்க வாங்கல" என்றேன்.

"விலை ஜாஸ்தியாம்மா?"

"இல்லண்ணே. வீடு நல்ல வீடு. என்னால இங்க இருக்க முடியாது."

அவருக்குப் புரியவில்லை. நாங்கள் கிளம்பும் முன்பே தரகருக்குப் போன் போட்டுவிட்டார். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தோம். விமான நிலையத்துக்குப் போகும் ஷட்டில் பஸ்ஸில்தான் என் கணவர் கேட்டார்.

"அப்ப நான் இங்க தனியா அபார்ட்மென்ட் பாக்கணுமா?"

"பாருங்க. நான் ஐசலின்லதான் இருக்கப் போறேன்."

விமானத்தில் எங்களுக்குத் தள்ளித் தள்ளி இடம் கிடைத்திருந்தது. என் பக்கத்து இருக்கைப் பெண் நல்லவள். நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்காருங்கள், நான் வேண்டுமானால் மாறிக்கொள்கிறேன் என்றாள். நன்றி சொல்லி, வேண்டாம் என்றேன்.