தோளில் சாய்ந்திருந்தவர்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். ராயபுரம் முழுக்க மீன் வாடை, டீசல் வாடை. சீருடை காயவில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் விரித்திருக்கிறேன்.

நேற்று எனக்குப் பணி ஜெர்மனியிலிருந்து வந்த விமானத்தில். சக்கரம் தரையைத் தொட்டதும் வழக்கம்போல் நம்மவர்கள் எழுந்து பெட்டிகளை இறக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்தே. நடு இருக்கையில் ஒரு தமிழரும் உட்கார்ந்தே. ஐம்பது வயதிருக்கும். கப்பல் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறேன் என்று ஏறும்போது சொன்னவர்.

எல்லோரும் இறங்கிய பிறகு தொட்டேன். கை சில்லென்று.

இறந்து சில மணி நேரம் ஆகியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

13, வியாழன்

தூக்கமில்லை.

அவர் தலை பக்கத்து இருக்கை ஜெர்மன் மூதாட்டியின் தோளில். சாப்பாட்டு வண்டியோடு போனபோது அந்த அம்மாள் உதட்டில் விரல் வைத்தார். காலைச் சிற்றுண்டிக்கும் அதே விரல். விமானம் தரையிறங்கும் முன் அவர் பெல்ட்டைப் பார்த்தேன். போட்டிருந்தார். இறங்கும்போது அம்மாள் மெல்ல விலகி, அவர் கழுத்தடியில் தலையணை செருகிவிட்டு, மரத்த தோளைப் பிடித்துக்கொண்டே போனார். என்னைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

துபாய் விமானம் என்றால் கூலி வேலைக்குப் போய்வரும் நம் ஆட்கள் இப்படித் தூங்க விட்டிருக்கமாட்டார்கள். தண்ணீருக்குக்கூட மணி அடிக்கக் கூசி, எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள். ஆனால் தூங்குகிறவனை மட்டும்: "டேய் மாமு, எய்ந்திரு. சோறு வந்துகீது. துட்டு குட்துகீற இல்ல?" எனக்கு எரிச்சலாக வரும்.

எதுவரை தூக்கம், எங்கிருந்து அது இல்லை. அந்தத் தோளுக்கும் தெரியவில்லை.

15, சனி

பால், வெங்காயம், ஷூ பாலிஷ்.

மார்க்கெட் சுவரில் கண்ணீர் அஞ்சலி. அவர் முகம். கூலிங்கிளாஸ். பெயர் சேகர். திருவொற்றியூர், தெருப் பெயரோடு. ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

இறந்தவர் குடும்பத்தை நாங்கள் போய்ப் பார்க்கக்கூடாது. விதி. அம்மாவும் அதேதான்: "உனக்கு இன்னாத்துக்குடி? வேல போச்சின்னா இன்னா பண்ணுவ?"

16, ஞாயிறு

போனேன்.

பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. நான் யார் என்று சொன்னதும் அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டது ஒன்றுதான்.

"தனியா தான் போனாராம்மா?"

தோள், விரல், தலையணை. எல்லாம் சொன்னேன்.

நாத்தனார் கொதித்தார். "இன்னா பொம்பள அவ? ஒரு தட்டு தட்டியிருந்தா எய்ந்திருப்பாரே. மரமா அவ?"

மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. எந்தத் தோள் என்று கேட்டார். இடது தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"கனமான தலைம்மா அது. எனக்கே அர மணி நேரத்துல மரத்துப்பூடும்." சிரித்தது போலிருந்தது. பிறகு, "அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சொல்லிப்புடாதம்மா. பாவம். அந்தத் தோள வெச்சிகினு தான அவங்க இனிமே தூங்கணும்."

18, செவ்வாய்

மறுபடி ஜெர்மனி. விளக்கணைத்த பின் இடைவழியில் நடை. போர்வைகள். ஒவ்வொன்றும் ஏறி இறங்குகிறதா என்று.

சன்னலோரம் ஒருவர் அசையவில்லை. தொட்டேன்.

விழித்தார். கோபம். என்ன வேண்டும் என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம்.

அடுத்த வரிசை.