அஞ்சரைக் கட்டைப் பெட்டி

என் அம்மாவுக்கு, ஒரு தெருவையே சுருதி தப்பாமல் நிறுத்தி வைத்தவளுக்கு,

நவராத்திரி வந்துவிட்டது. வலியசாலையில், நம் தெருவில் எல்லார் வீட்டிலும் கொலுப்படி கட்டியாகிவிட்டது, நம் வீட்டைத் தவிர. நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதனால் நமக்குப் பண்டிகை கிடையாது. அப்பா பொம்மைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. ஆனாலும் உன்னிடம் ஒரு சேதி சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கே புகுந்திருப்பாய். இப்போதுதான் என்னால் முழுசாகப் பேச முடிகிறது, கோபித்துக்கொள்ளாதே.

இதை நாலு பேர் படிக்கக் கொடுக்கப் போகிறேன். உன்னைத் தெரியாதவர்களுக்கும் தெரியட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே நடுவில் திருப்பிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

முதலில் உன் தொண்டை. தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் என்றதும், குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். "உயிர் இருந்தாப் போறும்" என்றார் அப்பா.  நீயோ ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் பூஜை அறையில் உட்கார்ந்து நிதானமாகக் காம்போதி பாடினாய். முடித்ததும் எழுந்துபோய் அடுப்பில் குழம்பைப் பார்த்தாய்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை. காற்றாகப் பேசும் ஒரு ரகசியக் குரல்தான் மிஞ்சியது. அதிலும் அதிகாரம் குறையவில்லை என்பது வேறு விஷயம். பால்காரர் முன்னைவிட அதிகமாகப் பயந்தார்.

நம் தெருவில் கொலு என்றால் என்ன நடக்கும் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் வீடு வீடாகப் போவோம். கொலுவுக்கு முன்னால் பாய் விரித்திருக்கும். வந்தவர்கள் ஒரு பாட்டாவது பாட வேண்டும், அப்புறம்தான் வெற்றிலை பாக்கும் சுண்டலும். எந்த வீடானாலும் முதல் பாட்டு உன்னுடையது. உனக்கு முன்னால் வாயைத் திறக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

ஆபரேஷனுக்கு அடுத்த நவராத்திரியில், மூன்று வீடு தள்ளி இருக்கிற சாரதா மாமி வீட்டுக்குத்தான் முதலில் போனோம். பாயில் உட்கார்ந்தோம். மாமி உன்னைப் பார்த்து, "நீங்க சிரமப்படுத்திக்க வேண்டாம், பாவம்" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலத்தை நீட்டினாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நீயும் சிரித்துக்கொண்டுதான் வாங்கிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து சுண்டல் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாய்.

"பாடாம வாங்கிண்டு வந்த சுண்டல். நீங்க ரெண்டு பேரும் தின்னுங்கோ" என்றாய். "இனிமே நான் எங்கயும் வரல்லை, கேட்டையா."

நவராத்திரியில் மீதி நாளெல்லாம் சாயங்காலமானால் வாசல் கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்கு அப்போது உன் குரல் போனதுகூடப் பெரிதாகப்படவில்லை அம்மா. நீ 'பாவம்' ஆகச் சம்மதித்துவிடுவாயோ என்றுதான் பயந்தேன். தெருவில் எத்தனையோ பேர் பாவம். நீயும் ஒருத்தி ஆகலாமா?

மஸ்கட்டிலிருந்து பெரியப்பா பிள்ளை ரமணி அண்ணா எனக்கென்று எம்பி3 பிளேயர் ஒன்று அனுப்பியது அந்தச் சமயத்தில்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. நான் சின்னவளாக இருந்தபோது நீ சாதகம் பண்ணினதை அப்பா, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் பதிவு செய்த கேசட்டுகள் பீரோவுக்கு அடியில் கிடந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிளேயரில் போட்டு, உன் காதில் இயர்போனைச் செருகினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். எனக்கு ஒரே பெருமை. ஆனால் பல்லவி முடிவதற்குள் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டாய்.

"இது என் காதுக்குள்ள மாத்திரம் பாடறது. அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

சரி, ஊருக்கே பாட வைக்கிறேன் என்று கிளம்பினேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு யுபிஎஸ் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தேன். "பொண்ணு பாட்டரி தூக்கிண்டு அலையறா" என்று தெரு என் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம். அந்தப் படிப்பு இதற்குக்கூட உதவாவிட்டால் எதற்கு? பழவங்காடிச் சந்தில் பார்ட்ஸ் கடையில் சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கினேன். அப்படியே பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு வந்தேன். ஸ்பீக்கர் இரண்டும் அந்தப் பழைய டூ-இன்-ஒன்னின் வயிற்றைக் கிழித்து எடுத்தவை.

முதலில் பிஸ்கட் டின்னில் வைத்துப் பார்த்தேன். தகரம் கூடவே அதிர்ந்தது. "எனக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாய். மரம் வேண்டும் என்றேன். நீ உள்ளே போனாய், விசேஷங்களுக்கு உட்காரப் போடுகிற பலா மணையைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

அப்பா பதறிவிட்டார். "மாப்பிள்ளை உக்காரற மணையாக்கும் அது! அறுக்கறதாவது!"

"வீணையே பலாலதான் பண்றா. மாப்பிள்ளை வந்தா நாற்காலி போட்டுக்கலாம்" என்று நீ அந்த ரகசியக் குரலில் சொன்னாய். அத்தோடு பேச்சு முடிந்தது. தச்சர் அறுத்துக் கொடுத்தார், நானும் நீயும் பெட்டியாக ஒட்டினோம்.

ஸ்பீக்கருக்கு ஓட்டை போட வட்டம் வரைய வேண்டும். என்னிடம் காம்பஸ் இல்லை. காபி டபராவைக் கவிழ்த்து, "அளவு கனகச்சிதம்" என்று நீயே பென்சிலால் சுற்றி வரைந்தாய். ஸ்பீக்கர் அளவு டபராவின் உள்வாய்தான், நீ வெளி விளிம்பை ஒட்டி வரைந்துவிட்டாய் என்பது தச்சர் வெட்டிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஸ்பீக்கரை வைத்தேன், ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. இரண்டு ஓட்டையும் அதே கதை. மணையும் போச்சு, மானமும் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீ அடுக்களைக்குப் போய்ப் பழைய குக்கர் காஸ்கெட்டைக் கொண்டுவந்து, கத்தரியால் வெட்டி, ஓட்டையின் விளிம்பில் வளைத்துப் பொருத்தினாய். ஸ்பீக்கர் கிண்ணென்று உட்கார்ந்தது. ரப்பர் இருந்ததால் அதிர்வும் குறைந்தது. அதை ஏதோ நீ முன்கூட்டியே திட்டம் போட்டதுபோலத்தான் கடைசிவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிளேயர் நிற்க மேலே ஒரு குழி, அதில் இயர்போன் பின்னை நட்டேன். பிளேயரின் துளையோ அதன் தலையில் இருந்தது. ஆகவே அது தலைகீழாகத்தான் நின்றது. பாட்டின் பெயரைப் படிக்க நீ கழுத்தை ஒடித்துக்கொண்டு, "இதென்ன, சிரசாசனமா?" என்றாய்.

கரண்டில் போட்டதும் பாட்டுக்குக் கீழே உர்ரென்று ஒரு இரைச்சல். மெல்லியதுதான், பாட்டு ஆரம்பித்தால் காதில் விழாது என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"இதோட சுருதி அஞ்சு கட்டைல நிக்கறது. நான் பாடறது அஞ்சரை. அரைக்கட்டை கம்மியா ஒருத்தன் கூட உர்ருன்னுண்டிருந்தா நான் எப்படிப் பாடுவேன்?"

பாடுவேன் என்றாய், கவனித்தாயா? பாட்டு எப்போதோ பதிவானது, குரல் போயாகிவிட்டது. உன் கணக்கில் அன்றைக்கும் நீதான் பாடப் போகிறவள். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. கம்பெனியில் கழித்துப்போட்ட சின்ன பாட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து பெட்டிக்குள் வைத்தேன். கரண்டும் வேண்டாம், இரைச்சலும் இல்லை. கனம்தான் கூடிப்போயிற்று.

ஒரு கேசட்டில், பாட்டின் நடுவே அப்பா "காப்பி ஆச்சா?" என்று கேட்பார். நீ தாளத்தை விடாமலே "வரேன், வரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்சரத்தில் சரியாகப் பாட்டைப் பிடிப்பாய். அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? நான் தப்பா எடுத்தேனா?" என்றாய்.

அடுத்த நவராத்திரியில் நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஒயர் கூடையில் பெட்டியை வைத்துக்கொண்டு, வேறெங்கும் போகாமல் நேரே சாரதா மாமி வீட்டுக்கு நடந்தாய். நான் தூக்குகிறேன் என்றதற்கு விடவில்லை. கூடத்தில் பாய் நிறையப் பெண்கள். நீ நடுவில் உட்கார்ந்து, பெட்டியை எடுத்து முன்னால் வைத்து, பிளேயரைத் தலைகீழாக நட்டாய்.

மாமிக்குச் சங்கடம். "பாட்டுப் போடறதுன்னா எங்காத்துலயே சிடி பிளேயர் இருக்கே. கொலுவுக்குப் பாடணுமில்லையோ?"

"நான்தான் பாடப் போறேன்" என்றாய் நீ. "தொண்டை கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்த நேரம் பார்த்து லோட் ஷெடிங். சீரியல் விளக்குகள் அணைந்தன, மின்விசிறி நின்றது, மாமியின் சிடி பிளேயரும் வாயை மூடிக்கொண்டது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் நீ பொத்தானை அழுத்தினாய். அம்மா, உன் குரல் அந்தக் கூடத்தை அடைத்துக்கொண்டு எழுந்தது. நீ மடியில் தாளம் போட்டுக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, உதட்டை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாய். யாரும் விசிறிகூட வீசவில்லை. நான் செய்த பெட்டி, நீ பாடிய பாட்டு. நான் அதுவரை அவ்வளவு கர்வப்பட்டதில்லை.

"காப்பி ஆச்சா?" என்று அப்பா கேட்டதும் கூடமே சிரித்துவிட்டது. சாரதா மாமிக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரணத்தில் அவளும் சேர்ந்து பாட ஆரம்பித்தாள். உடனே நீ பாட்டை நிறுத்தினாய். எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள்.

"எடுப்பு தப்பு சாரதா. அரை இடம் தள்ளி எடுக்கணும். மறுபடியும் போடறேன், சரியாப் பிடி."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். இரண்டாம் தடவை சரியாக எடுத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள், ஒவ்வொருத்தியும் உன் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டே பாடினாள். அன்றைக்கு மாமி தாம்பூலம் கொடுத்தபோது பாவம் என்று சொல்லவில்லை. "நாளைக்கும் வரணும்" என்றாள்.

அதற்கப்புறம் வந்த நவராத்திரியெல்லாம் உன் ராஜ்யம்தான். போகிற இடமெல்லாம் பெட்டியைத் திருப்பிக் காட்டி, "என் பொண்ணு பண்ணினதாக்கும்" என்றாய். பாட்டரி தூக்குகிறாள் என்று பேசினவர்களே தங்களுக்கும் ஒன்று செய்துதரச் சொல்லி வந்தார்கள். செய்து கொடுத்தேன். மணையை மட்டும் யாரும் தரவில்லை.

இந்த வருஷம் ஜூனில், இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் நீ போனாய். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். கொலு வைத்த அன்றைக்குச் சாரதா மாமி நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். துக்கம் கேட்க அல்ல. பெட்டியைக் கேட்டு வந்தாள்.

அப்பா தயங்கினார். "வருஷம் ஆகல்லையே. மங்கள காரியத்துல, போனவ குரலை வைக்கலாமோ?"

மாமி உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "தீட்டெல்லாம் உங்காத்துக்கு. நீங்க வர வேண்டாம், நான் கூப்பிடவும் இல்லை. அவ குரலுக்கு யாரு தீட்டுச் சொல்றது? சுமங்கலியாப் போனவ. அவ பாடாம நான் எப்படி அடுத்தவாளைப் பாடச் சொல்றது?"

அப்பா உள்ளே போய்ப் பெட்டியைத் துடைத்து எடுத்துவந்து அவரே மாமி கையில் கொடுத்தார்.

சாயங்காலம் நான் நம் வாசலில் நின்றேன். அந்த வீட்டுப் படிதான் ஏறக்கூடாது, நம் வாசலில் நின்று கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நீ பாடினாய். அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். காப்பி கேட்கிற இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரணத்தில் தெருவே சேர்ந்துகொண்டது. எடுப்பு ஒருத்திக்கும் தப்பவில்லை அம்மா. நான் அழுதேன்தான். ஆனால் அதில் துக்கத்தைவிடக் கர்வம்தான் ஜாஸ்தி.

மறுநாள் காலையில் மாமி பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அதன்மேல் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு பச்சை ரவிக்கைத் துணி, சூடு ஆறாத சுண்டல் பொட்டலம். நாங்கள் இந்த வருஷம் தாம்பூலம் வாங்கிக்கொள்ளக்கூடாதே என்று நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"உனக்கு யாருடி குடுத்தா?" என்றாள் மாமி. "பாடினவளுக்காக்கும் இது."

பார்த்தாயா அம்மா? பாடி வாங்கியிருக்கிறாய்.

சுண்டலை அப்பா உன் படத்துக்கு முன்னால் வைத்தார். ரவிக்கைத் துணி உன் பீரோவில் இருக்கிறது. அடுத்த வருஷம் நம் வீட்டிலும் படி கட்டுவேன். அந்தத் துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டு உன்னை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போவேன். பாட்டரி சார்ஜ் குறைய விடமாட்டேன். பிளேயர் போனால் வேறு பிளேயர், ஸ்பீக்கர் கிழிந்தால் வேறு ஸ்பீக்கர். இந்தத் தெருவில் கொலு இருக்கிறவரைக்கும் முதல் பாட்டு உன்னுடையது, அதற்கு நான் பொறுப்பு.

உன் குரல் வாய்க்காமல் உன் பிடிவாதம் மட்டும் வாய்த்த மகள்,
ராஜி