வண்டி என்னாச்சு, மிஸ்?

மார்ச் 3, செவ்வாய்

டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். முழங்கால் சரியாக வேண்டுமானால் தினமும் நடக்க வேண்டுமாம். எங்கே நடப்பது? எதிர்ச்சாரியில் இருக்கும் தபாலாபீசுக்குக்கூட வண்டியை எடுக்கிற ஊர் இது. இருப்பது ஒரே நீளத் தெரு, அறுபத்தாறாம் நம்பர் பழைய ஹைவே, எங்களுக்கு வெறும் அறுபத்தாறு. சரி என்று அதிலேயே நடந்தேன், மேற்கே மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க்கிலிருந்து கிழக்கே ப்ளூ மீசா மோட்டல் வரைக்கும்.

பக்கத்து வீட்டு வாசலில் தம்பி பென்னி நின்று வேடிக்கை பார்த்தான்.

"பலோமாவில ரோட்ல நடக்கிறவன் ரெண்டே வகைதான் அக்கா. ஒண்ணு வண்டி கெட்டவன், இல்ல புத்தி கெட்டவன். உன் வண்டி நல்லாத்தானே இருக்கு?"

நடந்த தூரத்துக்குள் ஐந்தாறு பேர் வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாரும் என் ஸ்கூல் பஸ்ஸில் ஏறி இறங்கிய பிள்ளைகள்தான். இப்போது மீசையும் பிக்கப் வண்டியுமாக.

மார்ச் 9, திங்கள்

முழங்கால் பரவாயில்லை. அதைப் பற்றி எழுத வரவில்லை.

நாய்! மூடிப்போன முடிதிருத்தும் கடை முன்னால் நடைபாதை சிமென்டில் நாயின் கால் தடம். சிமென்ட் காய்வதற்குள் நடந்திருக்கிறது. குனிந்து பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தேன். எங்கும் நிற்கவில்லை, திரும்பவில்லை, நேராகப் பழைய கறிக்கடை வாசலில் போய் முடிகிறது. தெருவில் தனியாக நின்று சிரித்தேன்.

அப்புறம் அந்தச் சுவர். மரச்சாமான் கடையின் மேற்குச் சுவர் வெறும் சுவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாலை வெயில் சாய்வாக விழும்போது அதில் எழுத்து எழும்புகிறது. "குளிர்ந்த அறைகள், இன்னும் கொஞ்ச தூரம்தான்." வெயில் இறங்கியதும் மறைந்துவிடுகிறது. யார் எழுதியது? பென்னியிடம் கேட்டேன், தெரியாது என்றான்.

பாதி ஆயுள் காலையும் மாலையும் இந்த ரோட்டில் பஸ் ஓட்டியிருக்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்ப்பதற்கே சரியாக இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

எழுதி முடித்தால்தான் தூக்கம் வரும்.

சுற்றுலாக் குழுக் கூட்டம். அறுபத்தாறுக்கு இந்த வருஷம் நூறு வயது, அதனால் ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்களை என்ன செய்வது என்றுதான் பேச்சு. தலைவர் டுவெய்ன் ப்ருயிட் வேன் வாங்கப் போகிறாராம். ஒலிபெருக்கி வைத்த வேன். பயணிகளை ஏற்றி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சுற்று. பத்து நிமிஷ வேலை.

நான் எழுந்துவிட்டேன். வேனிலிருந்து என்ன தெரியும்? எனக்கே ஒன்றும் தெரியவில்லையே! நடக்க வைப்போம், நான் கூட்டிப் போகிறேன் என்றேன். நாயைப் பற்றிச் சொன்னேன். சுவரைப் பற்றிச் சொன்னேன். ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பஸ்ஸில் பேசிய பழக்கம்.

டுவெய்ன் கெட்டவர் இல்லை. கணக்காகப் பேசுகிறவர், அவ்வளவுதான். ஹைவே என்பதே வண்டிக்காகப் போட்டது, அதில் யார் நடப்பார்கள் என்றார். கடைசியில் இறங்கி வந்தார்.

"ஏப்ரல்ல நாலு சனிக்கிழமை எடுத்துக்கோங்க எலோயிசா. நாலுல ஒரு நாளாவது, கிளம்பினவங்க அத்தனை பேரும் கால்நடையாவே மோட்டலுக்கு வந்து சேரட்டும். அப்ப ஒத்துக்கறேன். பாதியில வண்டி ஏறினாங்கன்னா, வேன்தான்."

ஒன்றரை மைல். இதில் என்ன கஷ்டம்?

வேண்டும். இது எனக்கு வேண்டும். டிசம்பரில் பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து எனக்காக எங்கேயும் யாரும் காத்து நிற்பதில்லை. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். இங்கே எழுதலாம்.

மார்ச் 28, சனி

புது ஷூ. சிவப்பு. பென்னி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

ஏழு பேர் கிளம்பினார்கள். ஒருவர் வந்து சேர்ந்தார்.

முதலிலிருந்தே எழுதுகிறேன். பெட்ரோல் பங்க் வாசலில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றார்கள். நார்வேக்காரர் ஒருவர், ஹெல்கே, பனைமர உயரம். மோட்டார் சைக்கிளில் கலிபோர்னியா போகிற வழியில் அது படுத்துவிட்டது. உதிரி பாகம் வரும்வரை ப்ளூ மீசாவில் அறை எடுத்திருக்கிறார். ஒஹையோவிலிருந்து ஒரு கணவன் மனைவி. மினசோட்டாவிலிருந்து அக்கா தங்கைகள் நாலு பேர். சந்தோஷத்தில் அவர்களை இரண்டு தடவை எண்ணினேன்.

நாய்த் தடம்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் முதல் பிக்கப் நின்றது. டாவோ மார்ட்டினெஸ், மாடு வளர்க்கிறவன்.

"வண்டி என்னாச்சு, மிஸ்?"

ஒன்றும் ஆகவில்லை, சும்மா நடக்கிறோம் என்றேன். அவன் நம்பவில்லை. ஹெல்கே பக்கம் திரும்பி அதையே கேட்டான். அந்த மனுஷர் உண்மையைச் சொல்லிவிட்டார். "கெட்டுப் போச்சு." அவ்வளவுதான், அவரை ஏற்றிக்கொண்டு டாவோ போய்விட்டான்!

அதோடு நின்றதா? நாளை ஈஸ்டர், சொந்தக்காரர்கள் வந்திறங்குகிற நேரம், ரோடு முழுக்க வண்டி. ஒவ்வொன்றும் நின்றது. மினசோட்டா சகோதரிகளை யாரோ ஆட்டுக்குட்டி காட்டுகிறேன் என்று அழைத்துப் போனார்கள். ஒஹையோக்காரரின் மனைவிக்கு வெயிலில் முகம் சிவந்திருக்கிறதாம், ஒரு வேன் நிறைய குடும்பம் அவளைக் கடத்தாத குறை. அவர் மட்டும் வைராக்கியமாக என்னோடு வந்தார். அவர் கையிலும் யாரோ சூடாகத் தமாலே, அதாவது மக்காச்சோள மாவில் அவித்த கொழுக்கட்டை, ஒரு பொட்டலம் திணித்திருந்தார்கள்.

மோட்டல் வாசலில் டுவெய்ன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஏப்ரல் 6, திங்கள்

யாரைக் குறை சொல்வது? அடுத்த ஊர் நாற்பது மைல். நடுவில் நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. நடந்து போகிறவரைத் தாண்டிப் போவது இங்கே கொலைக்கு ஒரு படி கீழே. சான்டோஸ் குருலே என்று ஒருவர், என் அப்பா காலத்து மனிதர். ஒருநாள் யாரையோ ரோட்டில் பார்த்தும் நிறுத்தாமல் போய்விட்டார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. பேரனை இன்றும் "நிறுத்தாதவர் பேரன்" என்றுதான் சொல்கிறார்கள். பையன் பாவம், ரோட்டில் முயலைக் கண்டால்கூட நிறுத்துகிறான்.

என் பஸ்ஸிலும் அதே சட்டம்தான். வழியில் யார் நடந்தாலும் ஏற்றிக்கொள்வேன். ஆகவே இது நானும் சேர்ந்து வளர்த்த வியாதி.

ஏப்ரல் 11, சனி

மஞ்சள் சட்டை யோசனை என்னுடையது. அதனால் யாரையும் திட்ட முடியவில்லை.

ரோடு வேலைக்காரர்கள் போடுவார்களே, பளபளவென்று, அந்தச் சட்டையை எல்லாருக்கும் மாட்டிவிட்டேன். தூரத்திலிருந்தே இது ஏற்பாடு என்று தெரியட்டும், நிறுத்த மாட்டார்கள் என்று. விபத்து என்று நினைத்துவிட்டார்கள்! ஷெரிஃபின் போலீஸ் ஆள் நீலச் சிவப்பு விளக்குகளைச் சுழலவிட்டு வந்து நின்றான். பின்னாலேயே பிக்கப்புகள், தண்ணீரும் கம்பளியும் முதலுதவிப் பெட்டியுமாக.

பத்தில் நாலு பேர் நடந்து சேர்ந்தார்கள். ஹெல்கே மறுபடியும் வந்தார், மறுபடியும் உண்மையைச் சொன்னார், மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்கள். இரவுச் சாப்பாடு டாவோ வீட்டிலாம். வாரத்தில் மூன்றாவது தடவை.

இன்னும் இரண்டு சனி.

ஏப்ரல் 15, புதன்

கடை கடையாகப் போய்க் கெஞ்சினேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்களைப் பார்த்தால் பார்க்காத மாதிரி போங்கள் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் முகத்திலும் சம்மதம் இல்லை.

பென்னி மட்டும் நேராகச் சொன்னான், "அக்கா, நீயே வண்டியில போறே, எவனோ நடந்து போறான். தாண்டிடுவியா?"

கதவைச் சாத்தினேன்.

ஏப்ரல் 18, சனி

அய்யோ, எங்கிருந்து ஆரம்பிப்பேன்!

காற்று. மண் பறக்கிறது. எட்டுப் பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இரண்டு பேரைப் பங்க் தாண்டுவதற்குள்ளேயே யாரோ ஏற்றிப் போய்விட்டார்கள், ஆக இந்தச் சனியும் போச்சு. மரச்சாமான் கடைச் சுவர் முன்னால் நின்று, புழுதியையும் மீறி எழும்பிய அந்த எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லி முடிக்கவில்லை. பின்னால் பிரேக் சத்தம்.

"வண்டி என்னா—"

டாவோ.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பஸ்ஸில் கடைசி வரிசைவரை எட்டுமே, அந்தக் குரல் வந்துவிட்டது.

"எஞ்சினை அணைடா. இறங்கு கீழே."

அணைத்தான். இறங்கினான். இத்தனை பெரிய ஆள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"நடக்கிறவங்களைத் தனியா விடக் கூடாது. சட்டம் அவ்வளவுதானே? ஏத்திக்கிட்டே தீரணும்னு எவன் சொன்னான்? விட மனசில்லேன்னா கூட நடந்து வா."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. கூட நடந்து வா!

டாவோ யோசித்தான். அப்புறம் சுவரைப் பார்த்தான். "இது எங்க தாத்தா எழுதினது மிஸ்," என்றான், சாதாரணமாக. விளம்பரம் எழுதுவதுதான் அவருக்குத் தொழிலாம். எந்தச் சுவரில் எழுதினாலும் அடி மூலையில் ஒரு பல்லி வரைவாராம். எல்லாரும் மண்டியிட்டுப் புழுதியைத் துடைத்தோம். இருந்தது! கட்டைவிரல் அளவுக்கு ஒரு பல்லி!

அப்புறம் யார் காற்றைக் கவனித்தார்கள்? மோட்டல்வரை ஒவ்வொரு சுவராகப் பல்லி தேடிக்கொண்டே போனோம். இன்னும் இரண்டு கிடைத்தன. டாவோவின் பிக்கப் ரோட்டோரம் கதவு திறந்தபடி அங்கேயே நின்றது. அதைப் பார்த்துவிட்டுத் தபாலாபீஸ் பெண் நிறுத்தினாள். அவளும் இறங்கினாள்.

தூக்கம் வராது இன்று.

ஏப்ரல் 22, புதன்

ஊர் முழுக்க ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன்: நிறுத்துங்கள், ஆனால் இறங்குங்கள். இந்தத் தடவை முகங்களில் சம்மதம் இருந்தது.

ஏப்ரல் 25, சனி

கிளம்பினது ஒன்பது பேர். வந்து சேர்ந்தவர்களை எண்ணவே முடியவில்லை. பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட என்னால்!

ஹெல்கேயிடம் முதல் வண்டி வந்து கேட்டது. வழக்கம்போல உண்மையைச் சொன்னார். "அப்ப நானும் வரேன்," என்று அந்த ஆள் இறங்கிவிட்டான். அதன்பின் ஒவ்வொரு பிக்கப்பாக ஓரம் கட்டியது. கறிக்கடைக்காரர் மகள் வந்து அந்த நாயின் பெயரைச் சொன்னாள். துரோக்காவாம், இந்தப் பக்கத்து ஸ்பானிஷில் லாரி என்று அர்த்தம், அவ்வளவு குண்டாம். நிறுத்தாதவர் பேரன் எல்லாருக்கும் முன்னால் நடந்தான், அவனுக்குத்தான் எத்தனை பெருமை.

பாதி வழியில் எதிரே ஒரு வெள்ளை வேன். டுவெய்ன்! அல்புகர்க்கி நகரத்திலிருந்து ஓட்டிப் பார்க்கக் கொண்டு வந்திருக்கிறார், ஒலிபெருக்கியோடு. எங்களைத் தாண்டிப் போக நினைத்திருப்பாரா? தெரியாது. அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தானே. கால் தானாக பிரேக்கில் போயிருக்கும். கண்ணாடியை இறக்கினார். வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இறங்குங்க டுவெய்ன்."

கூட்டத்தைப் பார்த்தார். ஓரமாக நின்ற பிக்கப் வரிசையைப் பார்த்தார். இறங்கி, வேனைப் பூட்டி, டையைத் தளர்த்திக்கொண்டு வந்தார். நாலாவது பல்லியை அவர்தான் கண்டுபிடித்தார். சின்னப் பையன் மாதிரி கத்தினார்.

ப்ளூ மீசாவின் நியான் விளக்குப் பலகை எரிந்தபோது ஒன்பது பேரும் அதன் கீழே நின்றார்கள். ஒன்பது பேரும். கால்நடையாக. நான் அழுதேன், யார் பார்த்தால் என்ன.

டுவெய்ன் கை கொடுத்தார். கொடுத்த கையை விடாமல் மெதுவாகக் கேட்டார், "எல்லாம் சரி எலோயிசா. இவங்க வண்டியெல்லாம் அங்கங்க நிக்குதே. இனி எப்படித் திரும்பிப் போவாங்க?"

யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். இத்தனை பேரும் இருட்டுகிற நேரத்தில், பூட்ஸ் கடிக்கிற கால்களோடு! எல்லாரும் ஒரே சமயத்தில் டுவெய்னின் முகத்தைப் பார்த்தார்கள்.

மே 2, சனி

நடை முடிந்தது, நல்ல கூட்டம். நடந்தவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட டுவெய்ன் அந்த வேனை வாங்கியேவிட்டார், சாவி என்னிடம். டுவெய்னுக்கு இத்தனை பேரை உட்கார வைக்கத் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் தடுமாறிவிட்டு அவராகவே கொடுத்துவிட்டார். அவரவரை அவரவர் பிக்கப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

ஹெல்கேயின் உதிரி பாகம் வந்துவிட்டதாம். இன்னும் மாட்டவில்லையாம். எதற்கு அவசரம் என்கிறார்.

காலி வேனைத் திருப்பி ஓட்டி வரும்போது ரோட்டோரம் ஒருவன் தனியாக நடந்துகொண்டிருந்தான். கூட்டத்தோடு வர வெட்கப்பட்டு, எல்லாரும் போனபிறகு கிளம்பியிருக்கிறான். கையில் டார்ச். ஒவ்வொரு சுவராகக் குனிந்து குனிந்து பார்க்கிறான்.

பென்னி.

அவனைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் ஹாரன் அடித்துக் கேலி செய்திருக்க வேண்டும். வேன் நின்றுவிட்டது. கண்ணாடி இறங்கிவிட்டது.

"வண்டி என்னாச்சு?" என்றேன்.

நிமிர்ந்தான். டார்ச்சை என் பக்கம் திருப்பினான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "இறங்கு அக்கா."

எஞ்சினை அணைத்தேன்.