கப்பல் வளவில் ஒரு கோபுரம்

ஆரையம்பதி
12.08.2023

என் அன்புத் தம்பி ரூபனுக்கு,

நான் சுகம். நீயும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கண்ணகை அம்மனை நேர்ந்துகொள்கிறேன்.

போன கிழமை நீ டெலிபோன் கோல் எடுத்துப் பேசியதில் பாதிதான் விளங்கியது. ஷெல் விழுந்த அன்று இடது காது போனது. இப்போது வலதும் மந்தம். ‘ரேடியோ செய்யிற தம்பிக்குக் காது கேக்காத அக்கா’ என்று பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் சீனித்தம்பி அண்ணன் பகிடி பண்ணுகிறார். இனி முன்போலக் கடிதமே எழுது. கடிதமென்றால் இருந்து வாசிக்கலாம், திரும்பவும் வாசிக்கலாம்.

வீட்டுக்காரர் கூரை மாற்றித் தரமாட்டாராம். பரவாயில்லை. உனக்கு ஒரு சங்கதி வைத்திருக்கிறேன், சித்திரை வருஷப் பிறப்புக்குத்தான் சொல்லுவேன். இப்போதே கேட்டுக் கரைச்சல் தராதே.

உன் அன்பு அக்கா
நேசமலர்

---

ரெடிங், இங்கிலாந்து
17.09.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கதியைச் சித்திரை வரைக்கும் மூடிவைக்க உங்களால்தான் முடியும். நான் கேட்கமாட்டேன்.

இங்கே வேலை கூடிவிட்டது. ஒரு நாட்டுப் படையிடமுள்ள பழைய ரேடியோக்களைக் கழற்றிவிட்டுப் புதியவை கொடுக்கிறோம். எந்த நாடென்று வெளியே சொல்லக்கூடாது. இனிக் குரலோடு படமும் வரைபடமும் போகும். கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தாவி, அங்கிருந்து வானத்துச் செய்மதிக்கு ஏறும். ஒரு கோபுரத்துக்கும் மற்றதற்கும் நடுவில் மறைப்பு இருக்கக்கூடாது. எது எங்கே நிற்கவேண்டும் என்று கணக்குப் பார்ப்பது என் பொறுப்பு.

இந்த நாட்களில் செட்டிபாளையத்து நம் வீட்டு வளவு அடிக்கடி நினைவில் வருகிறது. பெருவெள்ளத்தில் ஊரெல்லாம் முழுகி நம் மேடு மட்டும் நின்றபோது, ‘அப்பா, நாம கப்பல்ல இரிக்கம்’ என்றேனாம். அன்றிலிருந்து நாம் நால்வரும் அதைக் கப்பல் என்றுதான் சொன்னோம். வளவு இராணுவ முகாமாகி முப்பது வருஷமாகிறது. அந்தப் பெயரைச் சொல்ல இப்போது நீங்களும் நானும்தான் மிச்சம்.

வேலிக்குள் விடமாட்டார்கள், தெரியும். ஆற்றுப் பக்கமாகப் போய்ப் பார்த்து எழுதுங்கள். கடலுக்குத் தண்ணீர் வடிய முகத்துவார மணலை வெட்டப் பிந்துகிற மாரியில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது? இலுப்பை மரம் நிற்கிறதா, எவ்வளவு உயரம்? நேரெதிரே அக்கரையில், படுவான்கரையில், உயர்ந்த மரங்கள் ஏதும் மறைக்கின்றனவா?

அன்புடன்
தம்பி ரூபன்

---

ஆரையம்பதி
29.10.2023

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்துக் கண் கலங்கிவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இலுப்பை மரத்தைக் கேட்கிறாயே.

சீனித்தம்பி அண்ணனிடம் சொன்னேன். ‘தம்பிக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுகா. ஏறுங்க, காட்டுறன்’ என்று தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். இலுப்பை நிற்கிறது. பக்கத்துத் தென்னையைவிட ஓராள் உயரம் கூட. முந்தின மாரியில் தண்ணீர் கரையோரத் தாழையை மூடியும் மேட்டைத் தொடவில்லையாம். படுவான்கரையில் தாழ்ந்த கண்ணாப் பற்றைகள்தான். அதற்கு அப்பால் கோயில் வரைக்கும் வெளிப்பாகத் தெரிகிறது. அண்ணன் மரக்கோலை ஊன்றி, ‘ஆழத்தையும் எழுதுங்க, வந்தா மறுகா பாஞ்சு குளிக்கிறதுக்கு’ என்று சிரித்தார். அவர் மனைவி அன்னப்பூரணி, நீ வந்தால் இறால் சொதி வைப்பாளாம்.

உன் அன்பு அக்கா
நேசமலர்

---

ரெடிங்
05.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேரில் நின்று பார்த்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லத் தெரியவில்லை. சீனித்தம்பி அண்ணருக்கும் நன்றி சொல்லுங்கள். வேலையும் ஒரு கட்டம் முடிந்து, கையை விட்டுப் போய்விட்டது.

அன்புடன்
தம்பி ரூபன்

---

கப்பல்,
செட்டிபாளையம்
16.04.2024

என் அன்புத் தம்பிக்கு,

மேலே எழுதியிருக்கும் விலாசத்தைப் பார். இதுதான் அந்தச் சங்கதி. போன ஆடியில் முகாமை எடுத்துவிட்டு, வளவைக் கையெழுத்து வாங்கித் திருப்பித் தந்தார்கள். அன்றே உனக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் கிணறு முழுக்க முள்ளுக்கம்பியும் தகரமும். அதையெல்லாம் அள்ளி, ஒரு அறையும் சமைக்கக் குசினியும் எழுப்பிய பிறகு, ‘வந்து இரு’ என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். கிணற்றை இறைத்துத் தந்தது சீனித்தம்பி அண்ணன். அவரும் தெற்கே, தோணா வாய்க்காலுக்கு அப்பாலுள்ள மேட்டில் ஒரு துண்டுக் காணி எடுத்து, நீலத் தகரம் போட்டுக் குடிவந்துவிட்டார். சுனாமிக்குப் பிறகு அவர்களுக்கென்று கிடைத்த முதல் வீடு.

சந்தோஷமாகக் கடிதத்தை முடிக்கத்தான் இருந்தேன். வருஷப் பிறப்புக்கு முந்தின கிழமை இரண்டு பேர் வந்து, கிணற்றுக்கும் குசினிக்கும் நடுவே சிவப்புக் கட்டை ஒன்று அடித்துவிட்டுப் போனார்கள். படைக்குப் புது ரேடியோக் கோபுரமாம். செய்மதிக்கு ஒரு பெரிய தட்டாம். வளவு முழுதும் மறுபடி வேலிக்குள் போகும். ‘நான் என்ன செய்யட்டும் அக்கா, மேல இருந்து வந்த படம்’ என்கிறார் கிராம சேவகர்.

நீ செய்கிற வேலைதானே இது. இந்த இடம் அதற்குச் சரியில்லை என்று இங்கிலிஷில் ஒரு கடிதம் எழுதித் தா. வைகாசியில் கூட்டம் வைக்கிறார்கள், அதில் கொடுப்பேன். இன்னொருமுறை இங்கிருந்து எழும்ப என்னால் ஒண்ணாது தம்பி.

உன் அன்பு அக்கா
நேசமலர்

---

ரெடிங்
08.05.2024

அக்காவுக்கு,

ஏன் அக்கா முன்னமே சொல்லவில்லை? ஆடியிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாமே.

அந்தக் கடிதத்தை என்னால் எழுத முடியாது. வேலை ஒப்பந்தத்தில் தடை இருக்கிறது. நீங்கள் கூட்டத்துக்குப் போகவேண்டாம். போனாலும் ஒன்றும் நடக்காது. என்னால் முடிந்ததைப் பார்க்கிறேன்.

ரூபன்

---

கப்பல்,
செட்டிபாளையம்
02.06.2024

தம்பி ரூபனுக்கு,

கூட்டத்துக்குப் போனேன். நீ போகவேண்டாம் என்று எழுதியது ஏனென்று அங்கேதான் விளங்கியது.

சுவரில் ஒரு படம் விழுத்தினார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி, படுவான்கரையில் இன்னொன்று, நடுவே தண்ணீர்மேல் ஒரு கோடு. படுவான்கரைப் புள்ளிக்கு வெறும் இலக்கம். நம் பக்கத்துப் புள்ளிக்கு அருகே இங்கிலிஷ் எழுத்தில் கப்பல் என்று இருந்தது.

‘இது ஆரு வச்ச பேர்?’ என்று கேட்டேன். விளங்கப்படுத்த வந்த பொடியன், ‘வெளிநாட்டுக் கம்பனி அனுப்பின படத்திலயே அப்பிடித்தான் இருக்கு அம்மா’ என்றான். பக்கத்திலிருந்த அன்னப்பூரணி, ‘ஆத்தில கப்பல் எங்கருந்துகா வந்தது?’ என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் இல்லை. நான் யாருக்கும் சொன்னதில்லை. மிச்சம் நீதான்.

தண்ணீர் எதுவரை ஏறும், மரம் எவ்வளவு உயரம், எதிரே மறைப்பு உண்டா என்று கேட்டாய். ஊர் ஞாபகம் என்று நினைத்தேன். ஒன்றும் விளங்காத கிழவி கணக்காக ஆற்றிலே தோணியேறிப் போய், உனக்கு இடம் அளந்து தந்திருக்கிறேன்.

அக்கா

---

ரெடிங்
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதையும் கேளுங்கள். அது முகாம் நிலம் என்றே நினைத்தேன். அவர்களிடமே இருக்கிற இடத்தில் கோபுரம் நின்றால் புதிதாக யாருடைய காணியும் போகாது என்றுதான் அதைத் தெரிவுசெய்தேன். எனக்குத் தெரிந்த மேடு, வெள்ளம் ஏறாத மேடு. இடத்துக்குப் பெயர் கேட்டபோது கை தானாக அந்தப் பெயரைத்தான் அடித்தது. ஊர் ஞாபகமும் பொய்யில்லை அக்கா. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

இப்போது மாற்றிவிட்டேன். தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற ரேடியோ அலை சமிக்ஞையைக் குழப்பும் என்று காரணம் காட்டி, புள்ளியைத் தெற்கே தள்ளிவிட்டேன். வாய்க்காலுக்கு அப்பால் இன்னொரு மேடு இருக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் பற்றையும், நீலமாக ஒரு மீன் வாடிக் கொட்டிலும்தான் தெரிகிறது. அனுமதி வர இரண்டு மூன்று மாதமாகும். யாரிடமும் சொல்லாதீர்கள், என் வேலை போய்விடும்.

கப்பல் உங்களுக்குத்தான். தைப்பொங்கலுக்கு வாறன்.

அன்புடன்
தம்பி ரூபன்

---

செட்டிபாளையம்
20.11.2024

ரூபனுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை. நீ சொன்னது நடக்காது என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமை சிவப்புக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழியை நானே மண் போட்டு மூடினேன். பின்னேரம் தோணாவுக்கு அப்பால் அதை அடிக்கிற சத்தம் எனக்குக்கூடக் கேட்டது.

அது மீன் வாடியில்லை. சித்திரையில் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார். நீலத் தகரம் யாருடையது என்று எழுதியிருக்கிறேன். உனக்குத் தேவையான வரிகளைத்தான் நீ வாசிக்கிறாய்.

நேற்று அன்னப்பூரணி வந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ‘உங்கட தம்பி இந்த வேலைதானேகா செய்யிறார். ஒருக்கா எழுதிக் கேளுங்க. நம்மட இடம் சரியில்ல எண்டு இங்கிலிசில ஒரு கடிதம் தந்தாரெண்டா, அவர் சொன்னாக் கேப்பாங்க’ என்றாள். கிணறு இறைத்துத் தந்தவர் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஓம் என்று தலையாட்டினேன். உன் வேலையைக் காப்பாற்ற அவர்கள் முகத்துக்கு நேரே உண்மையை மறைத்தேன்.

அவளுக்காகக் கேட்கிறேன். கேட்டுவிட்டேன். இன்னோர் இடத்துக்குத் தள்ளு என்று எழுதக் கை வரவில்லை. அங்கே யார் வீடோ.

பொங்கலுக்கு வந்தால் அவர்கள் வீட்டுக்கு முதலில் போ. போய் நீயே சொல். பிறகு இங்கே வா. அதற்கு முடியாதென்றால் வராதே.

மாரி பிடித்துவிட்டது. ஆறு ஏறுகிறது. எதுவரை என்று இனி எழுதமாட்டேன்.

அன்னப்பூரணியின் பிள்ளைகளும் அந்த மேட்டுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். என் காதுக்கருகே வந்து கத்திச் சொன்னார்கள். அதையும் உனக்குச் சொல்லமாட்டேன்.

நேசமலர்